மலை மண்ணான வரலாறு

வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன மன்னர்களும் போர்களும், கோட்டைகளும் கோபுரங்களுமே. இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு அனகாபுத்தூருக்குச் சென்றால் ஏமாற்றமே மிஞ்சும். அங்கே கோட்டையும் இல்லை, கொத்தளமும் இல்லை. அடையாற்றின் கரையில், பம்மலுக்கும் திருநீர்மலைக்கும் அண்மையில் அமைந்த நெசவாளர் ஊர் அது. தனி நகராட்சியாக இருந்து 2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. வாழைநாரைக் கொண்டு சேலை நெய்த திறத்தால் அண்மைக் காலத்தில் நாளிதழ்களில் அதன் பெயர் அடிபட்டது. அவ்வளவே பலரும் அறிந்தது.

ஆனால் நெசவாளரின் குழித்தறியைச் சற்றே கூர்ந்து நோக்குவோம். வீட்டுத் தரையில் பள்ளம் தோண்டி, அதனுள் கால்களை இறக்கி மிதிகளை மிதித்து நெய்வதே குழித்தறி. குழியைச் சுற்றியுள்ள மண்ணின் ஈரம், பாவு நூல் உலர்ந்து அறுந்துபோகாமல் காக்க உதவுகிறது. கண்ணுக்குத் தெரியாமல் நெசவில் பங்குகொள்ளும் இந்த மண் எங்கிருந்து வந்தது? மணலும் களியும் கலந்து, ஈரத்தைப் பிடித்து வைக்கும் இந்தத் தன்மையை அது யாரிடமிருந்து பெற்றது? இக்கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டால், ஊருக்குத் தெற்கிலும் கிழக்கிலும் தெரியும் கரிய மலைகளில் போய் நிற்போம். பல்லாவரம், திரிசூலம், திருநீர்மலை, சற்றுத் தொலைவில் பரங்கிமலை என்னும் புனித தோமையார் மலை. இவற்றின் கதையே அந்த மண்ணின் கதை.

இம்மலைகளின் பாறை சாதாரணப் பாறையன்று. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, தரையிலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், கொல்லன் உலையை நினைவூட்டும் வெப்பத்திலும் நாம் கற்பனை செய்யவியலாத அழுத்தத்திலும் உருப்பெற்றது அது. அன்று உலகில் மரமில்லை, புல்லில்லை, மீனில்லை. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களே உயிரின் முழு வடிவமாக இருந்தன.

இப்பாறைக்கு உலகெங்கும் வழங்கும் பெயர் சார்னோக்கைட். பெயர் வந்த கதை விந்தையானது. கல்கத்தாவில் புனித யோவான் ஆலய வளாகத்தில் யோபு சார்னாக் என்னும் ஆங்கிலேய வணிகரின் கல்லறை உள்ளது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலரான அவர், கல்கத்தா நகரை நிறுவியவர் என நெடுங்காலம் போற்றப்பட்டார். (நகருக்கு அவரை நிறுவனராகக் கொள்ளலாகாது எனக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 2003ஆம் ஆண்டில் கூறிவிட்டது. அது வேறு கதை.) அவரது கல்லறைக் கல்லை 1893ஆம் ஆண்டில் ஆராய்ந்தார் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹென்றி ஹாலந்து. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் காணும் அதே வகைப் பாறை என அதை அவர் இனங்கண்டார். சென்னைப் பகுதியிலிருந்தே அக்கல் வங்கத்திற்குச் சென்றிருக்க வேண்டும். அதுவரை தனிப்பெயர் பெறாதிருந்த அப்பாறை வகைக்குச் சார்னாக்கின் பெயரையே அவர் சூட்டினார். 1900ஆம் ஆண்டில் அதைப் பற்றி விரிவான நூலொன்றையும் வெளியிட்டார். இன்று அன்டார்க்டிகாவிலோ நார்வேயிலோ இவ்வகைப் பாறையைக் காணும் அறிஞரும் இப்பெயராலேயே அதை அழைக்கின்றனர். பாறையைத் தலைமுறை தலைமுறையாக உளியால் கொத்தியவர்களின் ஊர்ப்பெயரைப் பெற வேண்டிய கல், அதன் அடியில் கிடந்தவரின் பெயரைப் பெற்றது! இருப்பினும் பரங்கிமலைப் பாறையைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக நம் நிலவியல் துறை அறிவித்திருப்பது ஓரளவு ஆறுதல் தருகிறது.

இருபது கிலோமீட்டர் ஆழத்தில் பிறந்த பாறை இன்று நம் கண்முன் வெயில் காய்கிறதே, எப்படி? நிலம் மெல்ல மெல்ல மேலெழுந்தது. எழ எழ, மேலே இருந்த பாறை தேய்ந்து கரைந்து அகன்றது. ஆகவே திரிசூலத்தின் உச்சியில் நிற்கும் ஒருவர் உண்மையில் நிற்பது மலையின் உச்சியில் அன்று. மறைந்துபோன பெருமலைத் தொகுதி ஒன்றின் அடிவாரத்திற்கும் அடியில் அவர் நிற்கிறார். மேலே இருந்த அத்தனையும் மணலாகி, களியாகி, உப்பாகிக் கடலுக்குப் போயிற்று.

பாறை எவ்வாறு மண்ணாகிறது என்பதை இனி நிதானமாகக் காண்போம்.

முதலில் சுமை நீங்குகிறது. பேரழுத்தத்தில் இறுகிக் கிடந்த பாறை, மேலிருந்த பாரம் அகன்றதும் சற்றே விரிகிறது. விரியும்போது வெங்காயத் தோல் போல மேற்பரப்புக்கு இணையாக அடுக்கடுக்காகப் பிளவுகள் தோன்றுகின்றன. நெடுக்கிலும் குறுக்கிலும் வேறு வெடிப்புகள் உண்டு. கரும்பாறையின் பலவீனம் இந்த இடுக்குகளே. சித்திரை வெயிலில் கை வைக்க முடியாதபடி காயும் பாறை, இரவில் குளிர்ந்து சுருங்குகிறது. திடீர் மழை பெய்தால் இன்னும் விரைவாகச் சுருங்குகிறது. இடுக்குகளில் புகும் வேர், நூலிழை அளவில் நுழைந்து தூண் அளவில் பருக்கிறது. பறவையின் எச்சத்தில் வந்த ஓர் ஆலம் விதை, சம்மட்டிக்கு அசையாத பாறையை அசைத்துவிடுகிறது.

ஆனால் இவையெல்லாம் பாறையை உடைக்குமேயன்றி மாற்றா. பெரிய கல் சிறிய கல்லாகும். சிறிய கல் பொடியாகும். பொடியான பின்னும் அது கல்லே. மாற்றம் நிகழ்வது மழைநீரால். வானிலிருந்து விழும்போதே காற்றிலுள்ள கரியமில வாயுவை மழைநீர் சிறிது கரைத்துக்கொள்கிறது. மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடும் கரியமில வாயுவையும் மிகுதியாகச் சேர்த்துக்கொள்கிறது. இவ்வாறு மிக மெலிந்த அமிலமாகிவிட்ட நீரே பாறையின் இடுக்குகளில் ஊறுகிறது. நாக்கில் பட்டால் புளிப்பும் தெரியாத இந்த அமிலம், ஆயிரமாயிரம் ஆண்டுகள் பொறுமையாக வேலை செய்கிறது.

நம் கரும்பாறையில் முக்கியமாக மூன்று கனிமங்கள் உள்ளன. முதலாவது ஃபெல்ஸ்பார். அமில நீர் பட்டதும் அதிலுள்ள சோடியம், சுண்ணம், பொட்டாசியம் போன்றவை கரைந்து வெளியேற, எஞ்சுவது களிமண். குயவரின் சக்கரத்தில் சுழல்வதும், ஏரிக்கரையை நீர் கசியாமல் இறுக்கிப் பிடிப்பதும் இந்தக் களியே. இரண்டாவது ஹைப்பர்ஸ்தீன் என்னும் இரும்புச் சத்துள்ள கரிய கனிமம். சார்னோக்கைட்டின் தனி அடையாளமே அதுதான். நீரும் காற்றும் பட்டதும் அதிலுள்ள இரும்பு துருப்பிடிக்கிறது. மழையில் கிடந்த அரிவாள் எவ்வாறு செம்பழுப்பு நிறம் கொள்ளுமோ அவ்வாறே பாறையும் மேற்புறம் பழுத்துச் சிவக்கிறது. நம் செம்மண்ணின் செம்மை இந்தத் துருவே. செம்மண்ணில் விழுந்த மழைநீரை உவமையாக்கியதாலேயே பெயர் பெற்ற சங்கப் புலவர் ஒருவர் உண்டல்லவா? அவர் கண்டு வியந்த நிறத்திற்குப் பின்னால் இப்படியொரு வேதியியல் இருக்கிறது. மூன்றாவது குவார்ட்ஸ் எனப்படும் வெண்ணிறப் படிகம். அதை இந்த மெல்லிய அமிலம் ஏறத்தாழ ஒன்றும் செய்வதில்லை. சுற்றியிருந்த கனிமங்கள் களியாகிக் கழன்றதும், இது பிடிப்பிழந்து தனியே உதிர்கிறது. அதுவே மணல்.

ஒரே பாறையில் ஒட்டிப் பிறந்த மூன்றும் பிரிந்து மூன்று வழிகளில் செல்கின்றன. எடை மிகுந்த மணலை ஆறு தன் படுகையிலேயே உருட்டிச் செல்கிறது. இலேசான களி வெள்ளத்தோடு கலங்கி நெடுந்தூரம் மிதந்து, நீர் அசையாது நிற்கும் ஏரியிலும் தாழ்ந்த வயலிலும் படிகிறது. கரைந்த உப்புகளோ கண்ணுக்கே தெரியாமல் கடல் சேர்கின்றன. கடல்நீரின் உப்பில் உள்ள சோடியத்தில் பெரும்பங்கு ஒருகாலத்தில் ஏதோவொரு பாறையில் பூட்டப்பட்டிருந்ததே. அனகாபுத்தூர்க் குழித்தறியைச் சுற்றிலும் மணலும் களியும் மீண்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன என்றால், மலையில் பிரிந்தவற்றை அடையாறு மறுபடியும் சேர்த்து வைத்தது என்றே பொருள்.

இதிலும் இன்னும் மண் முழுமையடையவில்லை. மணலும் களியும் சேர்ந்தால் அது சேறு. சேற்றை மண்ணாக்குவது உயிர். பாறையின் மேல் சாம்பல் நிறத் தேமல் போலப் படரும் பாசிக்காளான்களை நாம் பார்த்திருப்போம். அவையே முதற் குடியேறிகள். அவை சுரக்கும் அமிலங்கள் பாறையை அரிக்கின்றன. அவை மடிந்து மக்கிய பொடியில் பாசி முளைக்கிறது. பாசி மடிந்த இடத்தில் புல் முளைக்கிறது. பின்னர் மண்புழு வருகிறது. உயிரினப் பரிணாமத்தால் புகழ்பெற்ற சார்லஸ் டார்வின், தம் வாழ்நாளின் இறுதியில் 1881ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் மண்புழுக்களைப் பற்றியது. ஓர் ஏக்கரில் ஆண்டுதோறும் பத்து டன்னுக்கும் மேற்பட்ட மண் அவற்றின் உடல் வழியே சென்று மேலே வருவதுண்டு என அவர் கணித்தார். ரஷ்யரான டொக்குச்சாயேவ் 1883ஆம் ஆண்டில், மண் என்பது வெறும் பாறைத்தூள் அன்று என்றும், பாறை, தட்பவெப்பம், உயிர்கள், நிலத்தின் ஏற்ற இறக்கம், காலம் ஆகியவை கூடிப் பெற்ற தனிப்பொருள் என்றும் காட்டினார். மண்ணியல் தனி அறிவியலானது அவராலேயே.

விதைப்பவர் உவமையில் பாறை நிலத்தில் விழுந்த விதைகளை இயேசு பெருமான் குறிப்பிடுவதை நாம் நன்கறிவோம். ஆழமான மண் இல்லாமையால் அவை விரைவில் முளைத்தன. வேரில்லாமையால் வெயிலில் காய்ந்தன. பாலஸ்தீன மலைச்சரிவுகளில் சுண்ணாம்புப் பாறையின் மேல் சில விரற்கடை அளவே மண் படிந்த வயல்கள் பல. அவற்றை உழுதவர்களே அவ்வுவமையைக் கேட்டவர்கள். உவமையின் ஆன்மிகப் பொருளை மறையுரைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். மண்ணின் ஆழமே உயிரின் ஆயுள் என்ற உழவனின் அனுபவம் அதற்கு அடித்தளமாய் அமைந்திருப்பதையும் காண்பது நல்லது.

அந்த ஆழம் எவ்வளவு காலத்தில் கிட்டும்? ஓர் அங்குல மண் உருவாகச் சில நூறு ஆண்டுகள் முதல் ஆயிரம் ஆண்டுகள் வரை ஆகலாம் என்பது பொதுவான கணிப்பு. கரும்பாறையில் அதற்கும் மேல் ஆகும். பல்லாவரம் மலையில் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக் கோயில் ஒன்று உண்டு. இன்று அது இசுலாமியரின் தர்காவாக விளங்குகிறது. அதில் பொறித்த மன்னனின் பட்டப்பெயர்களை 20ஆம் நூற்றாண்டின் அறிஞரால் படிக்க முடிந்தது. உளியால் கீறிய எழுத்து பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் அழியாமல் நின்றது என்றால், இக்கல் எத்துணை மெதுவாக மண்ணாகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

மெதுவாக உருவாகும் மண், தன்னுள் விழுந்தவற்றை மூடிக் காக்கவும் செய்கிறது. பரங்கிமலை உச்சியில் போர்த்துக்கீசியர் அடித்தளம் தோண்டியபோது 1547ஆம் ஆண்டில் மண்ணுக்கடியிலிருந்தே பஹ்லவி எழுத்துகள் பொறித்த கற்சிலுவை வெளிப்பட்டது. சென்னையில் குடியேறிய ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் 18ஆம் நூற்றாண்டில் அமைத்துக் கொடுத்த படிகளில் ஏறிச் செல்லும் திருப்பயணிகள் இன்றும் அச்சிலுவையை வணங்குகின்றனர். பல்லாவரத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அலெக்சாண்டர் ரீ, மண்ணுக்குள்ளிருந்து சுடுமண் ஈமப்பேழையைக் கண்டெடுத்தார். மலையிலிருந்து இறங்கிய களியைக் குயவன் பிசைந்தான், தீயில் சுட்டான், இறந்தவரின் எலும்பை அதில் வைத்தான், மீண்டும் மண்ணிலேயே புதைத்தான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழக்கம் அது.

இவை எல்லாவற்றினும் பெரிய கண்டுபிடிப்பும் இந்த வட்டாரத்திலேயே நிகழ்ந்தது. அதற்கு மண்ணின் இன்னொரு வடிவத்தை அறிய வேண்டும். மழையும் வறட்சியும் மாறி மாறி வரும் வெப்ப நாடுகளில், பாறையிலிருந்து கரையக் கூடியவை எல்லாம் நெடுங்காலம் கரைந்து போனபின், இரும்பும் அலுமினியமும் மட்டும் திரண்டு செந்நிறக் கட்டியாய் இறுகுவதுண்டு. நாம் செம்புரைக்கல் என்கிறோம். 1807ஆம் ஆண்டில் மலபாரின் அங்காடிப்புரத்தில் இதை வெட்டிச் செங்கல்லாகப் பயன்படுத்துவதை வருணித்த பிரான்சிஸ் புக்கானன், இலத்தீனில் செங்கல்லைக் குறிக்கும் ‘லேட்டர்’ என்ற சொல்லிலிருந்து ‘லேட்டரைட்’ எனப் பெயரிட்டார். சென்னையைச் சுற்றிலும் இது சரளையாகவே பெரிதும் கிடைக்கிறது. சாலை போட இதைக் குழி வெட்டி அள்ளுவது வெள்ளையர் காலத்திலேயே வழக்கம்.

அத்தகைய சரளைக் குழி ஒன்று பல்லாவரத்தில், படைப்பிரிவின் அணிவகுப்புத் திடலுக்கு அருகே இருந்தது. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், நிலவியல் துறையைச் சேர்ந்த 28 வயது இளைஞர் இராபர்ட் புரூஸ் பூட் அதனருகே நின்றார். அள்ளிப் போட்டிருந்த சரளையிடையே ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. இயற்கையாக உடைந்த கல்லன்று. இருபுறமும் செதுக்கிக் கூர்மை ஏற்றிய கைக்கோடரி. பிரான்சில் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கருவிகள் மனிதர் செய்தவையே என ஐரோப்பிய அறிஞர் ஒப்புக்கொண்டு அப்போது நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்தியாவின் தொல்பழங்காலம் பல்லாவரத்துச் சரளைக் குழியில் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொற்றலையாற்றுப் பகுதியில் அத்திரம்பாக்கத்தைக் கண்டனர். அங்கு நிகழ்ந்த அகழாய்வில் கிடைத்த கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை எனச் சாந்தி பப்புவும் அவர்தம் குழுவினரும் 2011ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

பூட் கண்டது கல்லை மட்டுமன்று. கல் கிடந்த அடுக்கையும் கண்டார். அது எவ்வடுக்கைச் சேர்ந்தது என்பதே அதன் வயதைக் கூறும். கீழடுக்கு மூத்தது, மேலடுக்கு இளையது என்னும் இந்த எளிய விதியை 1669ஆம் ஆண்டில் தெளிவாக வகுத்துரைத்தவர் டேனிஷ் அறிஞரான நிக்கோலாஸ் ஸ்டெனோ. 1667ஆம் ஆண்டில் கத்தோலிக்கராகி, பின் குருவாகி, 1677ஆம் ஆண்டில் ஆயரானவர் அவர். 1988ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். பாறை அடுக்குகளை வாசிக்கக் கற்றுத்தந்த அந்த ஆயரின் பெயரை நம் பள்ளிப் பாடங்கள் இன்னும் சற்று உரக்கச் சொல்லலாம்.

சரளையில் கருவி எஞ்சியது. அதைச் செய்த கையின் எலும்பு எஞ்சவில்லை. பாறையைக் கரைத்த அதே அமிலத்தன்மை, செம்புரை மண்ணில் எலும்பையும் கரைத்துவிடுவது இயல்பு. மண் காக்கிறது என்றோம். எதைக் காப்பது, எதைக் கரைப்பது என்பதையும் அதுவே முடிவு செய்கிறது.

மீண்டும் ஆற்றங்கரைக்கு வருவோம். ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரி நீரில் தொடங்கி, திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கத்தின் உபரியையும் ஏற்றுக்கொண்டு, அனகாபுத்தூர் வழியாகக் கடல் நோக்கிச் செல்கிறது அடையாறு. மொத்தம் 42 கிலோமீட்டர் நீளமுள்ள சிற்றாறு. திருநீர்மலைக்கு அப்பெயர் வந்ததற்கு வைணவர் கூறும் காரணம் உண்டு. மலையைச் சுற்றிலும் நீர் சூழ்ந்திருந்தமையால் திருமங்கை ஆழ்வார் ஆறு மாதங்கள் காத்திருந்து வழிபட்டாராம். மரபுக் கதையாயினும், இந்நிலத்தின் இயல்பை அது பிழையின்றிச் சொல்கிறது. மலைகளைச் சுற்றித் தாழ்ந்த சமவெளி. அதில் மழைக்காலந்தோறும் பரந்து நிற்கும் கலங்கல் நீர். ஒவ்வொரு வெள்ளமும் ஒரு மெல்லிய படலத்தை விட்டுச் சென்றது. அப்படலங்களின் தொகுப்பே இன்று ஊர் அமர்ந்திருக்கும் நிலம்.

நம் முன்னோர் இதை உணர்ந்து பயன்கொண்டனர். ஏரியில் சேரும் வண்டலைக் கோடையில் அள்ளி வண்டியேற்றி வயலில் இட்டனர். மலையும் மேட்டு நிலமும் இழந்ததை வயலுக்கு மீட்டுக் கொடுக்கும் ஏற்பாடு அது. ஏரி ஆழமாயிற்று, வயல் வளமாயிற்று. பழைய குடிமராமத்து முறையைத் தமிழக அரசு 2017ஆம் ஆண்டில் மீண்டும் தொடங்கி, வண்டல் எடுக்க உழவர்களுக்கு வாய்ப்பளித்தபோது தென்சென்னையின் புறநகரில் அதைக் கொண்டு போய் இடுவதற்கு வயல்கள் அருகிவிட்டிருந்தன. பல்லாவரம் பெரிய ஏரியை ஊடறுத்தே சாலை போட்டாயிற்று.

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளில் தொடங்கிய பெருமழை நமக்கு மறக்கவில்லை. 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அனகாபுத்தூர் உள்ளிட்ட அடையாற்றங்கரை ஊர்களில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நீர் வடிந்தபின் தரையிலும் கட்டிலிலும் பாட நூல்களிலும் படிந்திருந்த சேற்றை வழித்தெடுக்க நாள்கள் பிடித்தன. துயரம் மிகுந்த நாள்கள் அவை. அதைச் சிறிதாக்கிப் பேசுவதற்கில்லை. ஆயினும் ஆறு செய்தது புதிதொன்றுமன்று. பல்லாயிரம் ஆண்டுகளாக எந்தச் செயலால் அந்நிலத்தை ஆக்கியதோ, அதே செயலை அன்றும் செய்தது. நீரை உள்வாங்கும் மண்ணைச் சிமென்டால் மூடி, ஆறு படரும் இடத்தில் சுவர் எழுப்பியவர்கள் நாமே.

மண் இழப்பு நாடு முழுவதற்கும் உரியது. இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 533 கோடி டன் மண் இடம்பெயர்கிறது என்றும், சராசரியாக ஒரு ஹெக்டேருக்கு 16 டன்னுக்கும் மேல் என்றும், அதில் 29 விழுக்காடு கடலுக்கே போய்விடுகிறது என்றும் 1983ஆம் ஆண்டில் ஆய்வாளர் கணக்கிட்டனர். தேய்மானம் இயற்கையின் நியதியே. அது இல்லையெனில் வண்டலும் இல்லை. ஆனால் மண் பிறக்கும் வேகத்தைப் பன்மடங்கு விஞ்சி அது சாகும் வேகம் பெருகுவது நம் கைவேலை.

இம்மலைகளிலோ நாம் பாறையையே நேரடியாக வெட்டினோம். சென்னையின் சாலைகளும் வீடுகளும் பெருகப் பெருக, பல்லாவரம், திரிசூலம், பம்மல், கீழ்க்கட்டளை எனக் கல்குவாரிகள் ஆழமாயின. ஆண்களும் பெண்களும் சம்மட்டியும் உளியுமாய்க் கல்லுடைத்தனர். பின் வெடிமருந்தும் அரவை எந்திரமும் வந்தன. எந்திரம் ஒரு நாளில் ஒரு குன்றின் பக்கத்தைப் பொடியாக்கிவிடும். அப்பொடியை ‘எம்-சாண்டு’ என்று இப்போது ஆற்று மணலுக்கு மாற்றாக விற்கிறோம். ஆற்றைச் சுரண்டுவதைவிட அது மேல் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இயற்கை லட்சம் ஆண்டுகளில் செய்வதை எந்திரம் ஒரு நாளில் செய்துவிட்டதாக எண்ணுவது மயக்கம். எந்திரம் உடைக்கிறதேயன்றி மாற்றுவதில்லை. அதன் தூளில் களி பிறப்பதில்லை, உயிர் தங்குவதில்லை, விதை ஊன்ற முடிவதில்லை. மெதுவாக உதிரும் பாறை ஊரை வாழவைத்தது. விரைந்து நொறுக்கிய பாறையின் தூசியோ, காலமெல்லாம் அதைச் சுவாசித்த தொழிலாளரின் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் தீராநோயாகிறது. குவார்ட்ஸ் கரையாது என்று மேலே சொன்னோம். மூச்சுப்பையிலும் அது கரைவதில்லை.

குவாரிகள் பல கைவிடப்பட்டு, மழைநீர் நிறைந்த ஆழமான குட்டைகளாய்க் கிடக்கின்றன. 2017ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு சென்னை தவித்தபோது, அனகாபுத்தூருக்கு ஆற்றின் மறுபக்கம், மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்துக் கல்குவாரிகளில் தேங்கிய நீரைச் சுத்திகரித்து நகருக்கு வழங்கினர். கல் அள்ளிய பள்ளம் தாகம் தீர்த்தது. குவாரிச் சுவர்களைத் தொலைவிலிருந்து பார்ப்போருக்கு அவை வெட்டிய நாளில் இருந்தபடியே நீலக்கருமையாய்த் தோன்றும். அருகில் சென்றால் நீர் கசியும் வெடிப்புகளின் ஓரமாகச் செம்பழுப்புக் கோடுகள் இறங்கியிருப்பதைக் காணலாம். ஹைப்பர்ஸ்தீன் துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது. பிளவுகளில் அங்கங்கே அரசங்கன்று வேர்விட்டிருக்கும். அந்த வேரைச் சுற்றிச் சேர்ந்திருக்கும் மண்ணை ஒரு விரல் நுனியில் எடுத்துவிடலாம்.